ஈயம் இழுத்த கோடு

டொக்... டொக்... டிங்.

வெளியில நின்னப்பவே கேட்டிருக்குமே தம்பி? குழந்தைக் கட்டில் விக்கிறேன்னு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டு, கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே எதையோ போட்டு உடைக்கிறானேன்னு நினைச்சிருப்பீங்க. பெல் அடிச்சீங்களா? கேட்கலை. இந்த வேலையில உட்கார்ந்தா என் காது இந்தச் சத்தத்துக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வாங்க, குனிஞ்சு வாங்க. இந்தக் கராஜ் கதவு பாதிக்கு மேல ஏறாது. வண்டியில யாரு, உங்க வீட்லயா? எத்தனை மாசம்? அட, ஏழு மாசக்காரியை எதுக்கு வெயில்ல உட்கார வெச்சிருக்கீங்க, உள்ளே கூப்பிடுங்க. ஏசி ஓடுதா... சரி. டீ போடறேன், அப்புறம் கூப்பிடுவோம்.

செருப்பைக் கழட்டிட்டீங்களே, நல்ல பழக்கம். ஹூஸ்டன் வந்தும் விடலை பாருங்க. நானும் இங்கே வெறுங்கால்தான். ஈயம் உருக்கும்போது மட்டும் பூட்ஸ் போடுவேன், கால்ல தெறிச்சா எலும்பு வரைக்கும் போயிடும். மத்தபடி இது தொழில் நடக்கிற இடம். ஆயுத பூஜைக்கு அந்தச் சட்டிக்குச் சந்தனம் வெச்சேன், பொட்டு இன்னும் அழியாம இருக்கு பாருங்க.

இதுவா? டயர்ல மாட்டுற பேலன்ஸ் வெயிட். சக்கரம் ஆடாம இருக்கறதுக்கு ஓரத்துல ஒரு துண்டு கவ்விக்கிட்டு இருக்குமே, அது. டயர் கடையில பழசைக் கழட்டி பக்கெட்டுல போடுவாங்க. அதை வாங்கிட்டு வந்து ஒவ்வொண்ணா தரையில போட்டுப் பார்க்கணும். ஈயம்னா டொக்குன்னு விழுந்து படுத்துக்கும். ஜிங்க் கலந்து வரும், அது டிங்குன்னு துள்ளும். ஒரே ஒரு டிங் சட்டிக்குள்ள போயிடுச்சுன்னா அவ்வளவுதான், மொத்தமும் திரிஞ்ச பால் மாதிரி கட்டிக் கட்டியா நிக்கும். தூக்கிப் போட வேண்டியதுதான்.

எதுக்கா? குண்டுக்குத்தான். துப்பாக்கிக் குண்டு. ஏன் தம்பி ஒரு அடி பின்னால போறீங்க? நான் கோவில்பட்டிக்காரன், வெடி மருந்துக்குப் பக்கத்துல பிறந்தவன். எல்லாம் சட்டப்படிதான்.

நான் ராத்திரி வேலை. ஹைவே ஓரம் ஒரு மோட்டல்ல டெஸ்க். ஊர்ல படிச்ச படிப்பு வேற, இங்கே வந்த வேலை வேற, அந்த வேலையும் போய் இது கிடைச்சது. அது இப்ப எதுக்கு. ஒரு தடவை ஒருத்தன் வந்து கத்தியை வெச்சான் கழுத்துல. கல்லாவைக் கொடுத்துட்டேன், போயிட்டான். அதுக்கப்புறம் முதலாளி சொன்னாரு, ஒண்ணு வாங்கி வெச்சுக்கோப்பான்னு. ரிவால்வர் வாங்கினேன். வாங்கினா பழகணும்ல, சுட்டுப் பழகற மைதானத்துக்குப் போனேன். அங்கே டேல்னு ஒருத்தன், டயர் கடை வெச்சிருக்கான், என் வயசுதான். கடையில குண்டு வாங்கினா கட்டுப்படியாகாது, நீயே வார்த்துக்கோன்னான். அவன்தான் முதல் பக்கெட்டையும் கொடுத்தான்.

உண்மையைச் சொன்னா சுடறதுல எனக்கு ருசியே இல்லை. டமார்னு ஒரு சத்தம், காகிதத்துல ஒரு ஓட்டை, அவ்வளவுதானே. இதுதான் ருசி. இந்தக் கலக்கறது. வெறும் காரீயத்தை, இந்த டொக்கை, ஊத்தினா மெழுகு மாதிரி இருக்கும், போற வழியெல்லாம் துப்பாக்கிக் குழலுக்குள்ள அப்பிக்கிட்டே போகும். ரொம்ப இறுகிப் போச்சுன்னாலும் ஆகாது, சொன்ன இடத்துக்குப் போகாது. நடுவுல ஒரு இடம் இருக்கு தம்பி. அந்த இடத்தைப் பிடிக்கிறதுக்குக் கொஞ்சம் வெள்ளீயம் போடணும், நம்ம ஊர்ல ஈயச் சொம்பு செய்வாங்களே, அது. போட்டீங்கன்னா அச்சுக்குள்ள மூலை முடுக்கெல்லாம் ஓடி நிறையும். திறந்தா வெள்ளிக்காசு மாதிரி விழும். ராத்திரி முழுக்க உள்ளே வர்றவன் போறவனுக்கெல்லாம் சிரிச்சிட்டு, விடிஞ்சு வந்து இங்கே உட்கார்ந்தா... எதைக் கலந்தேனோ அதுதான் வெளியே வரும். வேற எதுல அப்படி நடக்குது சொல்லுங்க. கல்யாணத்துல நடக்குதா?

அட, டீ மறந்துட்டேன். இருங்க. இல்ல, முதல்ல கட்டிலைப் பாருங்க, உள்ளே பெட்ரூம்ல இருக்கு. இந்தப் பக்கம், சமையலறை வழியா. கராஜ்ல இருந்து நேரா சமையலறை, இந்த ஊர்ல அது ஒரு வசதி. பார்த்துப் போங்க, வீடு வெறிச்சுனு இருக்கும். சோபா போயிடுச்சு. கார்ப்பெட்டைப் பிய்ச்சிட்டேன். டைனிங் டேபிளை ஒரு தெலுங்குக்காரர் எடுத்துட்டுப் போனாரு. எல்லாம் அவ சொல்லித்தான். சுகந்தி, என் வீட்டுக்காரி. குழந்தையைத் தூக்கிக்கிட்டு அவ அண்ணன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்திருக்கா, நாலு மாசமாச்சு. வீட்டைச் சுத்தம் பண்ணுங்க, அப்புறம் வர்றதைப் பார்க்கலாங்கறா. நானும் ஒண்ணொண்ணா வித்துக்கிட்டே இருக்கேன். வித்ததெல்லாம் போன் பண்ணிச் சொல்றேன். "கராஜ்?"ங்கறா. இதுக்கும் கராஜுக்கும் என்ன சம்பந்தம்? கராஜ் என்ன வீடா? வண்டி நிக்கிற இடம்.

எதுக்குப் போனாள்னு கேட்க மாட்டேங்கறீங்களே. கூச்சப்படாதீங்க, குரூப்ல எல்லாரும் பேசறதுதான். ஒரு சொம்புக்காகப் போயிட்டா தம்பி. ஒரே ஒரு ஈயச் சொம்பு.

முதல்ல இருந்து சொல்றேன். எம் பொண்ணு ஆதிரை, ரெண்டு வயசு. ரெண்டு வயசுன்னா நம்பமாட்டீங்க, அவ்வளவு கெட்டி. நான் வெயிட் பிரிக்கும்போது பக்கத்துல பாய் போட்டு உட்கார்ந்துக்குவா. கையில ஒண்ணை எடுப்பா, தரையில போடுவா. டொக்குன்னா "அப்பாக்கு"ம்பா. டிங்குன்னா "சீ"ம்பா. ஒரு தடவை கூட மாத்திச் சொன்னதில்லை! டேலுக்கு வீடியோ அனுப்பினேன். அவனுக்குப் பாராட்டத் தெரியலை. "என்ன மனுஷன்யா நீ, குழந்தையை உள்ளே விடாதே"ன்னான். அவன் ஒரு பயந்தாங்கொள்ளி. தோட்டத்துக்குக் கோடியில தனியா கொட்டகை போட்டிருக்கான், அதுக்குன்னு தனிச் சட்டை, தனி ஷூ. வேலை முடிஞ்சதும் குளிச்சிட்டுத்தான் வீட்டுக்குள்ளேயே போவான். தீட்டு பாக்கிறவனைப் போல! நான் அப்படியா? வேலை முடிஞ்சதும் பேன்ட்ல கையைத் துடைச்சுக்கிட்டு அவளை ஒரே தூக்கா தூக்கித் தோள்ல போட்டுக்குவேன். அப்படியே கழுத்துல முகத்தைப் புதைச்சுத் தூங்கிடுவா. வாயில வைப்பாளா? வைப்பாதான், எந்தக் குழந்தைதான் வைக்காது. நான் உடனே பிடுங்கிடுவேன்.

ரெண்டு வயசுச் செக்கப்புல ரத்தம் எடுத்தாங்க. ரத்தத்துல ஈயம்னாங்க. மூன்றரைக்குள்ள இருக்கணுமாம், அவளுக்குப் பதினேழு. பேச்சு தள்ளிப் போகலாம், புத்தி மந்தமாகலாம், இன்னும் ஏறினா ஆஸ்பத்திரியில சேர்க்கணும்னு என்னென்னமோ சொன்னாங்க. சுகந்தி அந்த நம்பரைத் தாள்ல எழுதி வாங்கிக்கிட்டா. ஒரே பிள்ளை தம்பி, கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழிச்சுப் பிறந்தவ. அன்னிக்கு ராத்திரி டெஸ்க்ல உட்கார்ந்து ஒருத்தனுக்கு ரெண்டு ரூம் சாவியைக் கொடுத்துட்டேன்.

அப்புறம் சுகாதார ஆபீஸ்ல இருந்து ஒரு அம்மா வந்தாங்க, விசாரிக்க. நல்ல மனுஷி. நம்ம வீடுங்களைப் பத்தி எல்லாம் தெரிஞ்சு வெச்சிருக்காங்க. மஞ்சள் பொடி எங்கே வாங்கறீங்க, குங்குமம் என்ன பிராண்ட், குழந்தைக்குக் கண்மை வைப்பீங்களா, ஊர்ல இருந்து கொண்டு வந்த பாத்திரம் உண்டா? அந்தச் சொம்பைக் கையில எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க. சில இடத்துல வெள்ளீயத்துல காரீயத்தைக் கலந்து செஞ்சு வித்துடறாங்களாம், எதுக்கும் இதை ஒதுக்கி வையுங்கன்னாங்க. கடைசியா, வீட்ல யாருக்காவது ஹாபி ஏதாவது இருக்கான்னு கேட்டாங்க. இருக்கு, தோட்டம்னேன். பொய் இல்லை. பின்னால போய்ப் பாருங்க, கறிவேப்பிலைத் தொட்டி வெச்சிருக்கேன். சுகந்தி பக்கத்துலதான் நின்னா. என்னையே பார்த்துக்கிட்டு நின்னா. அந்த அம்மா போனப்புறமும் அப்படியே பார்த்தா.

நான் அன்னிக்கே மஞ்சளைக் குப்பையில போட்டேன். என் மாமியார் கும்பகோணத்துல காயவெச்சு, அரைச்சு, துணியில முடிஞ்சு அனுப்பினது. குங்குமம், கண்மை, சாமி விபூதி, எல்லாம் போச்சு. ஆனா மனசு அந்தச் சொம்புலேயே நின்னுடுச்சு. அது மாமியாருக்கு அவங்க கல்யாணத்துக்கு வந்தது, இவளுக்குச் சீரா வந்துச்சு. அதுல ரசம் வெச்சா அந்த மணமே வேற, அதை நான் இல்லேன்னு சொல்லலை. ஆதிரை ரசம் சாதம்தான் விரும்பித் திம்பா. கணக்கு சரியா வருதுல்ல? ரசம்னா புளி. புளி ஈயத்தை இழுக்கும். உங்களுக்கும் சரின்னு படுதுல்ல?

நான் தானா கத்துக்கிட்டவன், ஆனா அரைகுறையா எதையும் சொல்ல மாட்டேன். சொம்பை எடுத்து வெள்ளைத் தாள்ல தேய்ச்சேன். காரீயம் இருந்தா கோடு விழும், பென்சில் இழுத்த மாதிரி, சாம்பல் நிறத்துல. நீங்க எந்தக் காரீயத்தையும் இழுத்துப் பாருங்க, விழும். இதுல விழலை. சரி, மேல மட்டும் நல்லதாப் பூசி உள்ளே ஏமாத்தியிருப்பான்னு விளிம்பை வளைச்சேன். தம்பி, நல்ல வெள்ளீயத்தை வளைச்சா அழும், தெரியுமா? கறக் கறக்னு உள்ளுக்குள்ள இருந்து ஒரு சத்தம். காரீயம் கலந்தா ஊமையா வளைஞ்சிடும். இது அழுதது. நல்லாவே அழுதது.

அப்பவே விட்டிருக்கலாம்னு மச்சான் சொல்றாரு. எப்படி விடறது? பிள்ளை விஷயம். உறுதி பண்ணிக்க வேண்டாமா? சட்டியில போட்டேன்.

நொடியில கரைஞ்சிடுச்சு. காரீயம் உருகற சூடு வர்றதுக்கு முன்னாலேயே தண்ணியாப் போயிடுச்சு. கசடு கூட இல்லை, கண்ணாடி மாதிரி தகதகன்னு, என் முகம் தெரிஞ்சது அதுல. சுத்தம். அப்படியொரு சுத்தத்தை நான் காசு கொடுத்துக்கூட வாங்கினதில்லை. உருகினது உருகிடுச்சு, வீணாக்குவானேன்னு பேலன்ஸ் வெயிட் உருக்கி வெச்சிருந்ததுல அளவாக் கலந்தேன். தம்பி, அன்னிக்கு விழுந்த குண்டு மாதிரி இதுவரைக்கும் எனக்கு விழுந்ததில்லை. ஒண்ணுல கூட சுருக்கம் இல்லை. அந்த டப்பாவுல இருக்கு. சுட மனசு வரலை, அப்படியே வெச்சிருக்கேன்.

சந்தோஷமா உள்ளே போய்ச் சொன்னேன் சுகந்திகிட்ட. உங்கம்மா ஏமாறலை சுகந்தி, அசல் சரக்குதான், ஒரு பொட்டு காரீயம் கிடையாது, நான் உருக்கியே பார்த்துட்டேன்னு. நல்ல செய்திதானே? அவ பெத்தவங்க மேல பழி இல்லேன்னுதானே சொல்றேன்? அடுப்புல கிண்டிக்கிட்டு இருந்தா. கரண்டியை வெச்சா. "சொம்பு எங்க?"ன்னா. சொன்னேன். அப்புறம், கத்தலை பாருங்க, சாதாரணமாத்தான் கேட்டா. "அதுல இல்லேன்னா, எங்கிருந்துங்க வந்துச்சு?"

அதைத்தான் தேடணும்னேன்.

அழ ஆரம்பிச்சுட்டா. சொம்புக்குத்தான். பொம்பளைங்களுக்குத் தாய் வீட்டுச் சாமான்னா ஒரு இது உண்டுல்ல. வேற வாங்கித் தரேன்னு சொன்னேன். மாமியார்கிட்ட போன் போட்டுக் கொடுத்தா. அவங்க ஒரு வார்த்தை திட்டலை. "மாப்பிள்ளை, சொம்பு போகட்டும். குழந்தையைத் தொடறதுக்கு முன்னால குளிச்சிடுங்க"ன்னாங்க. பார்த்தீங்களா, டேல் பேசற பேச்சையே அவங்களும் பேசறாங்க. கும்பகோணத்துக்கும் டெக்சாசுக்கும் எவனோ லைன் போட்டுட்டான். மறுநாள் நான் வேலை முடிஞ்சு வந்து பார்க்கறேன், வீட்ல யாருமில்லை. ஒரு துணி எடுத்துக்கிட்டுப் போகலை. பிள்ளை போட்டிருந்த கவுனைக்கூட அங்கே போனதும் குப்பையில போட்டுட்டாளாம். புதுசு தம்பி. பிறந்தநாளைக்கு எடுத்தது.

ஒரு விஷயம் சொல்லணும், பிள்ளைக்கு இறங்குது. அங்கே போனதுல இருந்து மாசாமாசம் இறங்குது. பதினேழு பதிமூணாச்சு, போன வாரம் ஒன்பது. நான் சொல்றேன், அது தண்ணி. அந்தப் பக்கம் தண்ணி வேற குழாய்ல வருது. மச்சான் வீட்ல முருங்கைக்கீரை வேற நிறைய கொடுக்கறாங்க. நான் இங்கே குழாய்க்கு பில்டர் மாட்டிட்டேன், காட்டட்டுமா? ரெண்டு மாட்டியிருக்கேன். இன்னும் என்ன பண்ணணும்? மூன்றரைக்குக் கீழே வந்தா கூட்டிட்டு வான்னு சொல்லுவேன். வருவாங்கறேன் நான். வீடியோவுல பார்க்கும்போது கையை ஆட்டறா. போன வாரம் ஸ்பூனைத் தட்டுல போட்டுட்டு "சீ"ன்னா. ஞாபகம் வெச்சிருக்கா பாருங்க! சுகந்தி போனை ஆஃப் பண்ணிட்டா.

சரி, என் கதை கிடக்கட்டும். இதுதான் கட்டில். நல்ல மேப்பிள் மரம், ஸ்க்ரூ நாலு கழட்டினா மடிஞ்சிடும். இதையும் வேண்டாங்கறா. "அந்த வீட்டுச் சாமான் ஒண்ணும் எனக்கு வேண்டாம், புதுசு வாங்கிக்கிட்டேன்"ங்கறா. கட்டில் என்ன பாவம் பண்ணுச்சு? நீங்க சும்மா எடுத்துட்டுப் போங்க, நீங்க கொடுத்தாலும் நான் வாங்க மாட்டேன். ஒரு குழந்தை படுத்து எழுந்த கட்டில், உங்களுக்கும் நல்லபடியா பிறக்கட்டும். இந்த மேல் கம்பியில மட்டும் கொஞ்சம் பல் பட்டிருக்கும். பல் முளைக்கும்போது நின்னுக்கிட்டே கடிப்பா, அணில் மாதிரி. நான் வந்து தூக்கற வரைக்கும் கடிச்சுக்கிட்டே நிப்பா. நானும் அதே கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் குனிவேன். ஒரு துடை துடைச்சுத் தரேன், இருங்க. இங்கே அவளோட துணி ஒண்ணு இருந்துச்சு, வெள்ளைத் துணி... இந்தா இருக்கு. துவைச்சது. நாலு மாசமா எடுக்கவே இல்லை.

இந்தப் பல் தடம் எல்லாம் போகாது. ஆனா அழுக்கு...

என்ன தம்பி? துணியிலயா?

ஒண்ணுமில்லை. தூசி. ரூம் பூட்டிக் கிடந்தா... கார்ப்பெட் பிய்ச்சப்போ பறந்திருக்கும். கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வெளிச்சத்தை மறைக்கிறீங்க.

இன்னொரு இடத்துல துடைச்சுப் பார்க்கறேன்.

பென்சிலா? ஆமா. பென்சில் இழுத்த மாதிரிதான் இருக்கு. நான்தான் சொன்னேன், இல்லேங்கலை. ஆனா தூசியும் அப்படித்தான் இருக்கும். தூசியும் சாம்பல் நிறம்தானே.

தொடாதீங்க. கையை எடுங்க தம்பி.

இல்ல... இது ஒரு கால் ஆடுது. இப்பத்தான் கவனிச்சேன். பாருங்க, ஆடுது. ஆடலையா? உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும், ராத்திரி பிள்ளை புரளும்போது மடங்கிடும். இதை நான் தரமாட்டேன். காசு வேணும்னா நான் தரேன், கடையில புதுசா ஒண்ணு வாங்குங்க. கோவிச்சுக்காதீங்க. அவ்வளவு தூரம் பெட்ரோல் போட்டு வந்தீங்க, தெரியும். தரமாட்டேன்.

போன் அடிக்குது பாருங்க, உங்க வீட்லதான். உள்ளே வரட்டுமான்னு கேக்கறாங்களா? வேண்டாம். இறங்க வேண்டாம்னு சொல்லுங்க. தண்ணி வேணும்னா போற வழியில கடையில வாங்கிக் கொடுங்க. டீ எல்லாம் இன்னொரு நாள் பார்த்துக்கலாம். வண்டியிலேயே இருக்கட்டும். கண்ணாடியையும் ஏத்தச் சொல்லுங்க.

நீங்க இப்படி வாங்க, சிங்க் இங்கே இருக்கு. சோப்புப் போட்டுக் கழுவுங்க. நகத்துக்குள்ள, ம், நல்லா. முழங்கை வரைக்கும். கால்? வெறுங்காலோட வந்தீங்கல்ல... காலையும் கழுவிடுங்க, குளியலறை அந்தப் பக்கம். துண்டு எடுக்காதீங்க, அந்தத் துண்டு வேண்டாம். காகிதத்துல துடைச்சுக்கோங்க. முன்வாசல் வழியாப் போங்க, கராஜ் வழியா வேண்டாம், செருப்பை வெளியில சுத்திப் போய்க் கையில எடுத்துக்கோங்க. வீட்டுக்குப் போனதும் சட்டையைத் தனியா துவைங்க. அப்புறம் அவங்க பக்கத்துல உட்காருங்க. எதுக்குன்னு கேட்காதீங்க தம்பி. டேல் அப்படித்தான் பண்ணுவான். என் மாமியாரும் அதைத்தான் சொல்லுவாங்க.

நான் வாசல் வரைக்கும் வரலை. இங்கேயே நிக்கிறேன். போய்ட்டு வாங்க. பிறந்ததும் குரூப்ல போடுங்க, பார்த்துக்கறேன்.

கதவை இழுத்துச் சாத்துங்க, அது தானா மூடாது.

கராஜ்ல பக்கெட்டுல இன்னும் பாதி கிடக்கு. அப்படியே போட்டுட்டுப் போக முடியுமா, சாயங்காலம் வேலைக்கு வேற போகணும். இது ஒண்ணு.

டொக்.

இது...

டொக்.